டிவியில் பார்த்ததை வைத்து மலையேறக் கூடாது

ரஜினியும், காட்டில் பிழைத்துக் காட்டும் டிவிக்காரர் பேர் கிரில்ஸும் பந்திப்பூர் காட்டில் நடந்ததை 2020 மார்ச்சில் டிஸ்கவரியில் பார்க்காத பெங்களூர்த் தமிழர் குறைவு. நானும் விழுந்து விழுந்து பார்த்தேன். பொழுதுபோக்காகப் பார்க்கும்வரை வம்பில்லை. சனிக்கிழமை விடியற்காலை அல்சூரிலிருந்து பைக்கில் சாவனதுர்கா பாறை மலைக்குக் கிளம்பும்போது அதையே பாடமாக எடுத்துக்கொண்டால்தான் சிக்கல்.

முதலில், திரையில் தெரியாதவர்களை மறந்துவிடுகிறோம். நாயகன் ‘தனியாக’ நடக்கும்போது கேமரா பிடிப்பவர், ஒலிப்பதிவாளர், பாதுகாப்பு ஆட்கள் எல்லோரும் கூடவே இருக்கிறார்கள். 2007-ல், கிரில்ஸ் சில இரவுகளை ஓட்டலில் கழித்தது வெளியே வந்து பெரிய பேச்சானது. அதன்பிறகுதான் சில காட்சிகள் ஏற்பாடு செய்யப்பட்டவை என்ற அறிவிப்பு திரையில் வந்தது. அதைவிட, தானே கேமராவைச் சுமந்துபோய் எடுத்த கனடாக்காரர் லெஸ் ஸ்ட்ரௌடின் நிகழ்ச்சி உருப்படியானது. பசியோடு சும்மா உட்கார்ந்திருப்பார்; பார்க்க அலுப்பாக இருக்கும். உண்மையில் காடு அப்படித்தான்.

வழி தவறினால் ஓடைக்கரையோடு கீழே இறங்கு என்று டிவி சொல்லும். நம் மலைகளில் ஓடை பல இடங்களில் செங்குத்துப் பாறையில் போய் விழும். இறங்கியவன் அங்கேயே மாட்டிக்கொள்வான். சாவனதுர்காவின் வழவழத்த பாறையில் தண்ணீர் வழிந்த கறுப்புத் தடங்களைப் பார்த்திருப்பீர்கள். மழை பெய்தபின் அதில் எந்த ஷூவும் நிற்காது. வழி தெரியவில்லையா, இருந்த இடத்திலேயே உட்காருங்கள். டிவியில் காட்டுவதுபோல் தாகத்துக்குச் சிறுநீர் குடிப்பதெல்லாம் வேண்டாத வேலை. அதிலுள்ள உப்பு தாகத்தைக் கூட்டத்தான் செய்யும்.

பாம்பு விஷயத்தில்தான் டிவி செய்யும் கேடு அதிகம். கடிவாயைக் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடித்த பாம்பைப் பிடித்து வரவும் வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் இங்கே ஒரே விஷமுறிவு மருந்துதான். கடிபட்ட கைகாலை அசையாமல் வைத்து, அந்த மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். முடிந்தவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போவது நல்லது.

தீ மூட்டிக் காட்டுவது டிவிக்கு அழகு. சரணாலயத்தில் அதைச் செய்து தீ பரவும் ஆபத்து வந்தால் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கோடையில் காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும்.

கத்தியையும் தீக்கல்லையும் வாங்கக் காசு செலவழிக்கிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போக மட்டும் மறந்துவிடுகிறோம். போன் சார்ஜைப் பாட்டுக்கு வீணாக்காமல் அவசர உதவி எண் 112-ஐ அழைக்க மிச்சம் வையுங்கள். சிக்னல் இல்லாவிட்டால் விசில் உதவும். மூன்று முறை ஊதி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று பொருள். பை வாரிலேயே விசிலைக் கட்டிவிடுங்கள், அடியில் போட்டால் இருட்டில் கைக்குக் கிடைக்காது.