ஊருக்குப் போக விசா: சிங்கப்பூர்த் தமிழர்கள் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவை

சிங்கப்பூர்க் கடப்பிதழ் கையில் இருந்தால் உலகின் பெரும்பாலான நாடுகளுக்கு விசா என்ற பேச்சே எழுவதில்லை. இந்தியாவில் தாத்தா பிறந்த ஊருக்குப் போகத்தான் விசா வேண்டும். பிள்ளைகளை ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் அழைத்துப்போய்ப் பழகிய பெற்றோர் இதை மறந்துவிட்டு, பயண வாரத்தில் தேக்காவில் ஏஜண்டைத் தேடி ஓடுவது இன்றும் நடக்கிறது.

கல்யாணம், கும்பாபிஷேகம், பொங்கல் என்று நாள் பார்த்துப் போகும் பயணத்துக்கு விசா எடுப்பது எளிது. நடுராத்திரியில் வரும் போன்தான் ஆளைக் கலங்கடிக்கும். “பெரியப்பா போய்ட்டாங்க, நாளைக்கு மத்தியானம் எடுக்கிறோம்” என்று ஊரிலிருந்து சொல்வார்கள். சாங்கியிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் நான்கு மணி நேரம்தான். ஆனால் இணையத்தில் எடுக்கும் இந்திய இ-விசாவுக்குக் குறைந்தது நான்கு நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். விசா இல்லாதவர் முகம் பார்க்க முடியாது, காரியத்துக்குத்தான் போய்ச் சேர முடியும். அதனால் ஊரில் பெற்றோரோ உடன்பிறந்தவர்களோ இருக்கும் எவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பயணத் திட்டம் இல்லாதபோதும் செல்லுபடியாகும் இந்திய விசாவோ, இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டையோ எப்போதும் வீட்டில் இருக்கட்டும். இப்படியொரு அவசரத்தில் விசா இல்லாமல் மாட்டிக்கொண்டால், கிரேஞ்ச் சாலையில் உள்ள இந்தியத் தூதரகத்தை நேரில் அணுகுங்கள். மருத்துவமனைக் கடிதமோ இறப்புத் தகவலோ கையில் இருக்க வேண்டும்.

எந்த விசா?

சுற்றுலா இ-விசா 30 நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என மூன்று வகை. உறவினரைப் பார்ப்பது, திருமணத்தில் கலந்துகொள்வது, கோயிலுக்குப் போவது எல்லாம் இதில் அடங்கும். மருத்துவமனையில் சிகிச்சை பெறப் போகிறவர்கள் மருத்துவ விசா எடுக்க வேண்டும். 30 நாள் விசாவில் இரண்டு முறை நுழையலாம், நாள் கணக்கு முதல் நுழைவிலிருந்து தொடங்கும். அதை நீட்டிக்க முடியாது. ஐந்தாண்டு விசாவில் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம். ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் 180 நாளைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். என்னைக் கேட்டால் ஐந்தாண்டு விசாவையே எடுங்கள். ஊரில் யாருமே இல்லாத, ஒரே ஒரு முறை சுற்றிப் பார்த்துவரும் குடும்பத்துக்கு வேண்டுமானால் 30 நாள் விசா சரி.

கடப்பிதழ் இந்தியாவுக்குள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது செல்ல வேண்டும். இரண்டு பக்கங்கள் காலியாக இருக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி விசா உண்டு. பழைய கடப்பிதழில் எடுத்த ஐந்தாண்டு விசா இன்னும் உயிரோடு இருந்தால், புதிய கடப்பிதழுடன் பழையதையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.

படிவத்தில் நம்மவர்கள் தடுமாறும் இடம் பெயர்தான். சிங்கப்பூர் ஆவணங்களில் “எஸ்/ஓ”, “டி/ஓ” என்று தகப்பனார் பெயரோடு சேர்த்து ஒரே வரியாக எழுதிவிடுகிறார்கள். இந்தியப் படிவமோ குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும். கடப்பிதழின் படப் பக்கத்தின் அடியில், அம்புக்குறிகளோடு இரண்டு வரி எந்திர எழுத்து இருக்கிறதல்லவா, அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். சாய்கோட்டை நீக்கிவிடலாம். ஆனால் தகப்பனார் பெயரை விட்டுவிடக் கூடாது. விமான டிக்கெட்டிலும் அதே பெயர், அதே வரிசை இருக்கட்டும். கடப்பிதழ் எண்ணையும் பிறந்த தேதியையும் இன்னொருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். ஓர் எண் மாறினாலும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

இந்திய அரசின் தளம் “ஜிஓவி டாட் இன்” என்று முடியும். தேடினால் முதலில் வந்து நிற்பவற்றில் பல தனியார் தளங்கள். அரசு முத்திரையைப் போலவே படம் போட்டு, கட்டணத்தைப் பல மடங்கு வாங்கிக்கொள்கின்றன. வயதான அம்மா அப்பாவுக்குப் பிள்ளைகள் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். அனுமதி வந்ததும் ஒரு தாளில் அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள்.

ஓசிஐ அட்டை

2005இல் வந்த ஏற்பாடு இது. பழைய பிஐஓ (இந்திய வம்சாவளியினர்) அட்டையை 2015 ஜனவரியில் இதோடு இணைத்துவிட்டார்கள். பெயரில் குடிமகன் என்று இருந்தாலும் இது குடியுரிமை அல்ல, வாழ்நாள் விசா. இந்தியப் பாஸ்போர்ட் கிடைக்காது, வாக்குரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. தாத்தா நிலம் வாரிசுரிமையில் வருவது வேறு விஷயம். எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம், காவல் பதிவு தேவையில்லை. வயதான பெற்றோரைக் கவனிக்க மாதக்கணக்கில் ஊரில் இருக்க வேண்டியவர்களுக்கு இதற்கு இணையாக வேறு எதுவும் கிடையாது. ஓசிஐ வைத்திருப்பவர்கள் விரைவுக் குடிநுழைவுத் திட்டத்தில் இலவசமாகப் பதிந்துகொண்டால் தானியங்கி வாயில் வழியே போகலாம். சென்னையில் அது 2025 ஜனவரியிலும், திருச்சியில் அதே ஆண்டு செப்டம்பரிலும் வந்தது.

1950 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியக் குடிமகனாக இருந்தவர், அல்லது அன்று குடிமகனாகத் தகுதி பெற்றிருந்தவர், அவருடைய பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரை விண்ணப்பிக்கலாம். பாகிஸ்தான், பங்களாதேஷ் குடியுரிமைத் தொடர்பு குடும்பத்தில் இருந்தால் முடியாது. இந்தியக் குடியுரிமையை விட்டு இங்கே குடிமகன் ஆனவருக்கு வேலை எளிது. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்த சான்றிதழ் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மூன்றாம், நான்காம் தலைமுறைக்குத்தான் அலைச்சல். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்த தாத்தாவிடம் பிறப்புச் சான்றிதழ் இருந்திருக்காது. அவர் பெயரை இங்குள்ள எழுத்தர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். அவருடைய பழைய இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்தால் அதுவே பொக்கிஷம். இல்லையென்றால் ஊர்த் தாலுகா அலுவலகத்தில் பிறப்பிடச் சான்று வாங்க முடியுமா என்று பாருங்கள். பள்ளிச் சான்றிதழ், நிலப் பத்திரம் போன்றவை அதற்குத் துணை நிற்கும். அதோடு தாத்தாவிலிருந்து உங்கள் வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்புச் சான்றிதழ் கோர்வையாக வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் நினைவோடு இருக்கும்போதே பெட்டியைத் திறந்து, கேட்டு, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர், தாலுகா, கொள்ளுத்தாத்தா பெயர் இந்த மூன்றும் தெரியாமல் ஊரில் யாரும் எதையும் தேடித் தர முடியாது.

நம் ஆண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளிநாட்டு ராணுவத்தில் பணிபுரிவோருக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் ஓசிஐ இல்லை என்று விதி இருக்கிறது. தேசிய சேவை செய்தவர்கள் அதை மறைக்காமல், விண்ணப்பிக்கும் முன்பே தூதரகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

20 வயதுக்கு முன் அட்டை எடுத்த பிள்ளைகள், 20 முடிந்து புதிய கடப்பிதழ் வாங்கியதும் ஒரு முறை அட்டையை மாற்ற வேண்டும். 20 வயது வரை ஒவ்வொரு புதிய கடப்பிதழுக்கும், 50 வயதுக்குப் பின் ஒரு முறையும், கடப்பிதழ் நகலையும் படத்தையும் இணையத்தில் ஏற்ற வேண்டும்.

ஒரே வீட்டில் இரண்டு நிறப் பாஸ்போர்ட்

கணவர் சிங்கப்பூர்க் குடிமகன், மனைவி இந்தியக் குடிமகளாக உள்ள நிரந்தரவாசி, பிள்ளைக்குச் சிங்கப்பூரின் சிவப்புக் கடப்பிதழ். இப்படிப்பட்ட வீடுகள் நம்மிடையே ஏராளம். மனைவிக்கு இந்தியா போக விசா வேண்டாம், ஆனால் சிங்கப்பூருக்குத் திரும்புவதற்கான மறுநுழைவு அனுமதி செல்லுபடியாக இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்க்க வேண்டும். நிரந்தரவாசத் தகுதியே அதைச் சார்ந்திருக்கிறது. பிள்ளைக்கு விசா அல்லது ஓசிஐ கட்டாயம். தாயோ தந்தையோ இந்தியக் குடிமகனாக இருப்பதால் ஓசிஐ சுலபமாகக் கிடைக்கும். கணவருக்கும், திருமணம் பதிவாகி இரண்டாண்டு தொடர்ந்திருந்தால், மனைவி வழியாக விண்ணப்பிக்க வாய்ப்புண்டு. 13 வயது நிறைந்த, தேசிய சேவைக்குப் போகாத பையனை மூன்று மாதமோ அதற்கு மேலோ பாட்டி வீட்டில் விடுவதானால் முன்கூட்டியே வெளிநாடு செல்லும் அனுமதி வாங்க வேண்டும்.

போய் இறங்கும்போது

இ-விசாவில் விமான நிலையங்கள், துறைமுகங்கள் போன்ற குறிப்பிட்ட நுழைவிடங்கள் வழியாக மட்டுமே நுழைய முடியும். சென்னை, திருச்சி, கோவை, மதுரை விமான நிலையங்கள் நான்கும் அந்தப் பட்டியலில் உள்ளன. யாழ்ப்பாணத்தையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் இங்கே யோசிக்க வேண்டும். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு இலங்கை நெடுங்காலமாக 30 நாள் சலுகை தந்துவருகிறது. இருந்தாலும் அங்கே விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் போடும் முன் அவர்களுடைய தளத்தைப் பாருங்கள். யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்குச் சென்னையிலிருந்து விமானம் இருக்கிறது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. யாழ்ப்பாணம் போய்த் தமிழ்நாட்டுக்குத் திரும்பினால் அது இந்தியாவுக்குள் இரண்டாவது நுழைவு. இ-விசாக்காரர்கள் கப்பலில் திரும்பத் திட்டமிட்டால், அந்தத் துறைமுகம் பட்டியலில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே டிக்கெட் வாங்குங்கள்.

2025 அக்டோபரிலிருந்து, விசாவில் இந்தியா செல்லும் வெளிநாட்டவர் வந்திறங்கும் முன் 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். கட்டணம் இல்லை. தங்கும் வீட்டின் முழு முகவரி, பின்கோடு, உறவினர் கைபேசி எண் ஆகியவற்றை போனில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். ஊர் லாட்ஜில் தங்கினால் கடப்பிதழ், விசா நகல் கேட்பார்கள். வெளிநாட்டவர் தங்குவதை அவர்கள் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளிடம் பதிய வேண்டும். சிறிய ஊர்களில் அந்த ஏற்பாடு இல்லாத லாட்ஜுகள் அறை தர மறுப்பதுண்டு. குலதெய்வக் கோயிலுக்குப் போகும் குடும்பங்கள் முன்பே போன் செய்து “சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட், இடம் கிடைக்குமா?” என்று கேட்டுவிடுங்கள்.

இ-சிகரெட்டும் சாட்டிலைட் போனும் வேண்டவே வேண்டாம். ரொக்கமாக 5,000 அமெரிக்க டாலருக்கு மேல் அயல்நாட்டுப் பணம் கொண்டுபோனால் அங்கே அறிவிக்க வேண்டும். இங்கே 20,000 வெள்ளிக்கு மேல் என்றால், போகும்போதும் வரும்போதும் அறிவிக்க வேண்டும்.

திரும்பும்போது

சாங்கியில் இறங்கும் முன் மூன்று நாளுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அதற்கு விலக்கல்ல. அதுவும் இலவசம்தான், பணம் கேட்கும் தளம் போலி. தி.நகரில் கல்யாணப் பட்டும் நகையும் வாங்கி வருபவர்கள் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தவருக்கு 500 வெள்ளி வரைதான் வரிவிலக்கு. அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரியைச் சுங்கத்துறையின் தளத்திலோ செயலியிலோ முன்கூட்டியே கட்டிவிடலாம். மெல்லும் புகையிலை, குட்கா எதுவும் கூடாது. தாத்தாவுக்கு வெற்றிலைப் பெட்டி வாங்கி வரலாம், அதற்குள் புகையிலைப் பொட்டலம் இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டு மூட்டை கட்டுங்கள்.