ஏரிக்கரை உடைவது எதனால்? கோடையிலேயே நடந்துவிடும் சில தவறுகள்

வடக்கே ஏரி என்பார்கள், மதுரைப் பக்கம் கண்மாய், நெல்லையில் குளம். பெயர் எதுவானாலும் பொறியியல் கணக்கில் அது ஒரு சிறு மண் அணை. தமிழ்நாட்டில் இப்படி 39 ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளவை நீர்வளத் துறையின் பொறுப்பு, அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. 2021-இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் சிலவற்றையும்தான் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. நம் ஏரிக்கரைகளில் பெரும்பாலானவை மூன்று முதல் ஐந்து மீட்டர் உயரம். அவற்றைத் தினமும் பார்க்கும் கண்கள் ஊருக்குள் இருந்தால்தான் உண்டு.

ஏரி நஞ்சைக்கு மட்டும் தண்ணீர் தருவதில்லை. சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு ஊற்றுக் கொடுப்பதும், மேட்டு நிலத்து வெள்ளத்தைப் பிடித்து நிதானமாக இறக்குவதும் அதுதான். ஒரு ஏரியின் உபரி அடுத்த ஏரிக்குப் போகும்படி அமைந்த சங்கிலி என்பதால், மேலே ஒன்று உடைந்தால் கீழே இருப்பவை அந்த வெள்ளத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் பல குளங்கள் உடைந்தன. அப்படிப்பட்ட மழை அபூர்வம். ஆனால் வழக்கமான ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கரைகள் உடைகின்றன. அதற்கான காரணத்தைத் தேடினால் பெரும்பாலும் முந்தைய கோடையில் போய் நிற்கும்.

கலிங்கை அடைப்பது

ஏரி நிறைந்ததும் உபரித் தண்ணீர் வழிந்தோடும் கட்டுமானம்தான் கலிங்கு. எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு அதை அடைப்பதுதான். "இன்னும் ஒரு அடி தேக்கினால் ஒரு பூ (போகம்) கூடுதலாக விளையும்" என்று கலிங்கின் மேல் மணல் மூட்டை அடுக்குகிறார்கள், பலகை சொருகுகிறார்கள், சில ஊர்களில் சிமெண்டு போட்டே உயர்த்திவிடுகிறார்கள். அதனால் என்ன ஆகிறது என்பதைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

இரண்டு சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு உள்ள, கடலோர மாவட்டத்து ஏரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீர்ப்பிடிப்பின் பரப்பை வைத்து உச்ச வெள்ளத்தைக் கணக்கிட, சென்னை மாகாணத்துக்காக உருவான ரைவ்ஸ் சூத்திரப்படி (கடலிலிருந்து 80 கி.மீ.க்குள் என்றால் கெழு 6.8) வினாடிக்குச் சுமார் 10.8 கனமீட்டர் வெள்ளம் வரும். கலிங்கின் மேல் 60 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் பாய்ந்தால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் வினாடிக்குச் சுமார் 0.8 கனமீட்டர் வெளியேறும். ஆக, 14 மீட்டர் நீளக் கலிங்கு போதும். இதே கலிங்கின் மேல் 30 செ.மீ. மூட்டை அடுக்கினால் பாயும் உயரம் பாதியாகும். தண்ணீரோ பாதியாகக் குறைவதில்லை, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். மீதி எங்கே போகும்? கரைத் தலையின் மேல் ஏறும். மண்கரையின் மேல் வழிந்த தண்ணீர் வெளிச்சரிவைக் கீழிருந்து அரித்துக்கொண்டே மேலேறி, சில மணி நேரத்தில் கரையை அறுத்துவிடும்.

கலிங்குக்குக் கீழே உள்ள உபரி வாய்க்கால் தூர்ந்தாலும், அதில் வயலோ வீடோ முளைத்தாலும் இதே கதிதான். தண்ணீர் எதிர்த்து நின்று கலிங்கையே மூழ்கடிக்கும். புரட்டாசிக்குள் உபரி வாய்க்காலை அடுத்த ஏரி வரை ஒருமுறை நடந்து பாருங்கள். கரையை உயர்த்தச் செலவழிக்கும் பணத்தில் பாதியை இங்கே போட்டால் ஊருக்குக் கூடுதல் பாதுகாப்பு கிடைக்கும் என்பது எங்கள் உறுதியான கருத்து. உச்ச வெள்ள மட்டத்துக்கு மேல் கரைத் தலை குறைந்தது ஒரு மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும், நீளம் முழுக்க. மாட்டு வண்டியும் டிராக்டரும் ஏறி இறங்கித் தேய்ந்த ஒரே ஒரு பள்ளம் போதும், வெள்ளம் அதைக் கண்டுபிடித்துவிடும்.

கசிவை வெளிப்பக்கம் அடைப்பது

மண்கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிந்த தண்ணீர், நாளுக்கு நாள் ஒரே அளவில் வந்தால் பயப்பட வேண்டாம். கலங்கி வந்தால் கரைக்குள் இருக்கும் மண் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உள்ளே ஒரு குழல் உருவாகிறது. கசிவு இடத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, அடியில் மண் படிகிறதா பாருங்கள். பத்து லிட்டர் குடம் நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று தினமும் குறித்து வையுங்கள். ஏரி மட்டம் ஏறாமலே நேரம் குறைந்துகொண்டு வந்தால் காத்திருக்கக் கூடாது.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கசிவைப் பார்த்ததும் வயல் பக்கத்தில் களிமண்ணை அப்பி மிதிக்கிறார்கள். தண்ணீர் நின்றதுபோலத் தெரியும். உள்ளே அழுத்தம் ஏறி, சற்றுத் தள்ளி வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும், அல்லது சரிவே வழுக்கி விழும். களிமண் வேண்டியது நீர்ப்பக்கத்தில். வெளிப்பக்கம் வேண்டியது வடிகட்டி. தண்ணீர் வரலாம், மண் வரக்கூடாது என்பதே அதன் வேலை. ஈர இடத்தைத் தாண்டி ஒரு மீட்டர் அகலமாக, முதலில் 15 முதல் 20 செ.மீ. சுத்தமான ஆற்று மணல், அதன் மேல் அதே கனத்தில் சிறு ஜல்லி, அதன் மேல் 40 மி.மீ. ஜல்லி, கடைசியில் பாரத்துக்குக் கற்கள். இந்த வரிசை மாறக்கூடாது. மணல் இல்லாமல் நேரடியாகப் பெரிய ஜல்லி கொட்டினால், இடுக்குகள் வழியே கரை மண் தாராளமாக வெளியேறும்.

கலங்கிய தண்ணீர் கொப்பளித்து ஊற்றாக வந்தால், அதைச் சுற்றி வட்டமாக மணல் மூட்டை அடுக்குங்கள். உள்ளே தண்ணீர் உயர உயர ஊற்றின் வேகம் தணியும். தெளிந்ததும் உயர்த்துவதை நிறுத்தி, மேலே ஒரு பைப் வைத்து வடிய விடுங்கள். முழுக்க நிறுத்த முயல வேண்டாம். அதே சமயம் மதகைத் திறந்து ஏரி மட்டத்தை இறக்க வேண்டும், ஆனால் நிதானமாக. திடீரென்று இறக்கினால் தண்ணீர் ஊறிய உள்சரிவு தாங்கல் இழந்து சரியும்.

மதகை மாற்றும்போது

பல உடைப்புகள் மதகை ஒட்டியே நடப்பதற்குக் காரணம் எளிது. கல்லும் மண்ணும் சேரும் கோடு தண்ணீருக்குச் சுலபமான வழி. பழைய மதகை எடுத்துவிட்டு சிமெண்டுக் குழாய் போடும்போது, சமன் செய்ய அடியில் மணல் பரப்புவது கொடிய தவறு. கரையின் குறுக்கே நீங்களே ஒரு கசிவுப் பாதை போட்டுக் கொடுக்கிறீர்கள். குழாயைக் கான்கிரீட் படுகையில் வையுங்கள். தோண்டிய பள்ளத்தின் பக்கங்கள் செங்குத்தாக இல்லாமல் சாய்வாக இருக்கட்டும், அப்போதுதான் புது மண் பழைய மண்ணோடு பிடிக்கும். குழாயின் இரு பக்கமும் ரோலர் போகாது. ஈரக் களிப்பு மண்ணைப் பத்து செ.மீ. அடுக்குகளாகக் கைத்திமிசு கொண்டு இடிக்க வேண்டும். அலுப்பான வேலைதான், அவசரப்பட்டால் முதல் மழையிலேயே தெரிந்துவிடும்.

காய்ந்த மண்ணைக் கொட்டிக் கரை உயர்த்துவது

ஜேசிபி வந்தபின் இது பெருகிவிட்டது. ஏரி உள்ளிருந்து அள்ளிய கட்டி மண்ணைக் கரை மேல் குவித்து, வாளியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு பில் போடுகிறார்கள். கட்டிகளுக்கு நடுவே காற்று. தண்ணீர் நுழைந்ததும் மண் உட்கார்ந்துவிடும்.

முதலில் புல், வேர், மேல்மண்ணை 15 செ.மீ. சீவி எடுக்க வேண்டும். பழைய சரிவில் படி வெட்ட வேண்டும். பிறகு 20 செ.மீ. அடுக்காக மண் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்ட வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், கையில் ஒட்டி ஈரம் விடக்கூடாது. பிற்பாடு மண் அமுங்கும் என்பதால் சுமார் பத்து விழுக்காடு கூடுதல் உயரம் வையுங்கள். மேல் வண்டலைக் கரைக்குப் போடாதீர்கள், அது வயலுக்குப் போக வேண்டிய சத்து. கரிசல் மட்டும் போட்ட கரை கோடையில் பிளக்கும். வெடிப்பை மேலாக மூடாமல், அடி வரை தோண்டி, நனைத்து இடித்து நிரப்ப வேண்டும்.

இன்னொரு சின்னச் சோதனை. மண் கட்டி ஒன்றைத் தெளிந்த தண்ணீர் உள்ள டம்ளரில் போட்டு, கலக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். கட்டியைச் சுற்றிப் பால்போலக் கலங்கல் பரவினால் அந்த மண் தண்ணீரில் தானாகவே கரைந்து பிரியும் ரகம். கரைக்கு வேண்டாம்.

மண் எடுக்கும் இடமும் முக்கியம். கரையடியை ஒட்டித் தோண்டினால் கரைக்கு முட்டுக் கொடுக்கும் மண்ணும், தண்ணீரைத் தடுத்துவைக்கும் களிப்படுகையும் போய்விடும். கரை உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் தள்ளி எடுப்பது நல்லது. வயல் பக்கத்தில் கரையடியில் கிணறோ செங்கல் மண் குழியோ கூடவே கூடாது.

மரம், வளை, புற்று

சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டு வேரை விட்டுவிட்டால், மக்கிய வேர் கரைக்குள் குழாயாகிவிடும். ஏரி வற்றிய சித்திரை, வைகாசியில் வேரோடு தோண்டி, குழியை அடுக்கடுக்காக இடித்து மூட வேண்டும். ஏரி நிறைந்திருக்கும்போது மரத்தைப் பிடுங்காதீர்கள். பனை விதை நடும் ஆர்வம் வரவேற்கத்தக்கது, ஆனால் கரைத் தலையிலும் சரிவிலும் வேண்டாம், கரையடியைத் தாண்டி நடுங்கள். சரிவுக்கு அருகம்புல்லும் வெட்டிவேரும் போதும். எலி வளை, நண்டு வளை, கறையான் புற்று எதைக் கண்டாலும் வாயை மட்டும் மூடாமல், அது போகும் வழி முழுக்கத் தோண்டி நிரப்புங்கள்.

உத்திரமேரூரில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஏரி வாரியம் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. இன்று நீர்க்கட்டி (ஏரியையும் நீர்ப் பங்கீட்டையும் கவனிக்கும் ஊர்ப் பணியாளர்) இல்லாத ஊர்களில் மழைக்காலத்துக்கு நான்கு பேரையாவது முறைவைத்து நியமிக்கலாம். ஏரி முக்கால் நிறைந்ததிலிருந்து காலை, மாலை இருவேளையும், கலிங்கு பாயும் நாட்களில் இரவிலும், கரைத் தலையில் ஒருமுறை, வயல் பக்கக் கரையடியில் ஒருமுறை நடக்க வேண்டும். டார்ச், மண்வெட்டி, காலி சாக்கு நூறு, ஒரு டிராக்டர் மணல் முன்கூட்டியே கரையருகே இருக்கட்டும். நீர்ப்பக்கம் தண்ணீர் சுழித்தாலோ, கரைத் தலையில் நீளவாக்கில் வெடிப்பு விட்டாலோ, முதலில் கீழே இருப்பவர்களை மேட்டுக்கு அனுப்புங்கள். அடுத்த ஏரிக்காரர்களுக்கும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 எண்ணிலும் உடனே சொல்லுங்கள். மூட்டை தூக்குவது அதன் பிறகு.