அட்மின் மேனேஜர் ஆக வேண்டுமா? வாட்டர் கேனிலிருந்து தொடங்குங்கள்

"அட்மின்ல அப்படி என்னதான் வேலை?" என்று கேட்பவர்களிடம், ஆபீஸில் வேறு எந்தத் துறையும் ஏற்றுக்கொள்ளாத எல்லா வேலையும் என்று சொல்வேன். ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, ஏசி, ஜெனரேட்டர், கூரியர், கேப், வாடகை ஒப்பந்தம், மேல் மாடிக்காரருடன் பார்க்கிங் சண்டை வரை. சென்னையில் ஐம்பது, அறுபது பேர் இருக்கும் ஒரு தனியார் ஆபீஸை மனதில் வைத்து எழுதுகிறேன். பெரிய ஐடி வளாகம் என்றால் இதையே பத்துப் பேர் பிரித்துக்கொள்வார்கள்.

படி 1: உள்ளே நுழைவது

ஏதாவது ஒரு டிகிரி போதும். பி.காம் என்றால் ஜிஎஸ்டி பில்லைப் பார்த்து மிரள மாட்டீர்கள், அவ்வளவுதான். எம்பிஏவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் டைப்ரைட்டிங் தேர்வில் ஆங்கிலம் லோயர் (நிமிடத்துக்கு 30 வார்த்தை), முடிந்தால் ஹையர் (45) முடித்துவிடுங்கள். அதே இயக்ககத்தின் ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழும் ரெஸ்யூமில் நன்றாக எடுபடும்.

எடுத்த எடுப்பில் மேனேஜர் பதவிக்கு விண்ணப்பிக்க வேண்டாம். ரிசப்ஷன் அல்லது அட்மின் அசிஸ்டென்ட்டாகச் சேருங்கள். ரிசப்ஷன் என்றால் சிலருக்கு இளக்காரம். ஆனால் எந்த வெண்டர் எப்போது வருகிறார், யார் யாரைத் தவிர்க்கிறார் என்பதெல்லாம் அந்த மேஜைக்குத்தான் முதலில் தெரியும்.

படி 2: எண்ணிப் பழகுவது

60 பேர், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் என்றால் 90 லிட்டர். 20 லிட்டர் கேன் ஐந்து போதும், கோடையில் ஏழு வரை போகும். பில் தினமும் ஒன்பது என்று வந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு வாரம் நீங்களே காலி கேன்களை எண்ணிக் குறித்துக்கொண்டு, அந்தத் தாளை மட்டும் காட்டுங்கள். கை கழுவும் சோப்பு, டீத்தூள், ஏ4 பேப்பர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

படி 3: பெட்டி கேஷ்

சில்லறைச் செலவுகளுக்காகக் கையில் 10,000 ரூபாய் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் இருக்கும் பணமும் வவுச்சர்களும் சேர்ந்து எந்த நிமிடம் எண்ணினாலும் 10,000 வர வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வாங்குபவர் ஒரு ரூபாய் ரெவென்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், பொதுவாக வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள். பெயிண்டர் "கேஷாவே குடுத்துடுங்க சார்" என்று தலையைச் சொறியும்போது இது நினைவுக்கு வரட்டும்.

படி 4: தேதிப் பட்டியல்

என் முதல் வேலையில் ஏசி ஏஎம்சி (வருடாந்திர பராமரிப்பு ஒப்பந்தம்) ஏப்ரல் 30 அன்று முடிந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் சர்வர் அறை ஏசி படுத்துவிட்டது. சர்வீஸ்காரர் போனை எடுத்தார், "உங்க ஏஎம்சி முடிஞ்சுபோச்சே மேடம்" என்றார். புதுக் கொட்டேஷன், ஒப்புதல், முன்பணம் என்று மூன்று நாள் ஓடியது. அந்த மூன்று நாளும் டேபிள் ஃபேன்தான்.

அன்றிலிருந்து ஒரு எக்செல் வைத்திருக்கிறேன். பொருளின் பெயர், முடியும் தேதி, புதுப்பிக்கப் பிடிக்கும் நாட்கள், யாரைக் கூப்பிட வேண்டும். நான்கே பத்தி. மூன்றாவது பத்திதான் முக்கியம். தீயணைப்பு சிலிண்டர் ரீஃபில் ஓரிரு நாளில் முடிந்துவிடும், லிஃப்ட் உரிமமோ வாடகை ஒப்பந்தமோ அப்படி முடியாது. முடியும் தேதியிலிருந்து அத்தனை நாள் பின்னே போய், அன்றைக்கு நினைவூட்டல் வையுங்கள். பிஎஃப், இஎஸ்ஐ இரண்டுக்கும் அடுத்த மாதம் 15, டிடிஎஸ் (பில் தொகையில் பிடித்த வரி) கட்ட 7 என்பவை அக்கவுண்ட்ஸ்காரர் வேலைதான், இருந்தாலும் உங்கள் பட்டியலிலும் இருக்கட்டும். பில்லை நீங்கள் தாமதமாக அனுப்பினால் அவரும் தாமதம்தானே.

படி 5: காண்ட்ராக்டர் பில்லைப் படிப்பது

அசிஸ்டென்ட் ஒருவர் மேனேஜராக மாறும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி ஆட்களை அனுப்பும் காண்ட்ராக்டர்களிடம் மூன்று கொட்டேஷன் வாங்குவதை எல்லோரும் செய்கிறார்கள். மிகக் குறைந்த விலையைப் பார்த்ததும், அதில் சம்பளமும் பிஎஃப்பும் போக என்ன மிஞ்சும் என்று கணக்குப் போடுங்கள். எதுவும் மிஞ்சாவிட்டால் யாரோ ஒருவர் வயிற்றில் அடிக்கப்படுகிறது, பெரும்பாலும் ஹவுஸ்கீப்பிங் அக்காவின் வயிற்றில்.

மாத பில்லோடு அட்டெண்டன்ஸ் ஷீட்டும், பணம் கட்டிய பிஎஃப், இஎஸ்ஐ சலானும் வந்தால்தான் கையெழுத்துப் போடுங்கள். சலானில் மொத்தத் தொகை மட்டும் இருந்தால் போதாது, உங்கள் ஆபீஸில் வேலை செய்பவர்களின் பெயர்ப் பட்டியலும் வேண்டும். காண்ட்ராக்டர் பிஎஃப் கட்டாமல் விட்டால் பொறுப்பு உங்கள் கம்பெனியின் தலையிலும் விழும். செக்யூரிட்டி ஏஜென்சி என்றால் 2005 ஆம் ஆண்டுச் சட்டப்படியான உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால், 2013 சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். தலைவர் ஒரு பெண், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழுவினர் பெயர்ப் பலகை சுவரில் இருக்கிறதா, அதில் வேலையை விட்டுப்போனவர் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை.

படி 6: மேனேஜர் இன்டர்வியூ

இரண்டு மூன்று வருடம் இப்படி ஓடிய பிறகு விண்ணப்பியுங்கள். தேதிப் பட்டியலின் காலி வடிவத்தை அச்செடுத்துக் கொண்டுபோங்கள் (பழைய கம்பெனியின் விவரங்கள் வேண்டாம்). "திங்கட்கிழமை இருபது பேர் புதிதாகச் சேர்கிறார்கள், என்ன செய்வீர்கள்?" என்பது போன்ற கேள்வி வரும். நாற்காலி, ஐடி கார்டு, நெட் பாயின்ட் எல்லாம் எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் திருப்பி இரண்டு கேள்வி கேளுங்கள்: இதில் பெண்கள் எத்தனை பேர், அந்த மாடியில் பெண்கள் கழிவறை எத்தனை? பைக்கில் வருபவர்கள் எத்தனை பேர்?