19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் போதகரின் குடும்ப வாழ்வை ஆராய்வது எப்படி?

19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் போதகர் ஒருவரின் குடும்ப வாழ்வை எழுத முனைபவர், அவருடைய பிரசங்கங்களைச் சற்றே ஒதுக்கிவிட்டு, சபை அவருக்கு என்ன சம்பளம் கொடுத்தது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. பிள்ளைகளின் படிப்பும் வீட்டில் அடுப்பெரிந்த விதமும் அந்தத் தொகையைச் சார்ந்தே இருந்தன.

முதலில் அவர் எந்தச் சபைப் பிரிவைச் சேர்ந்தவர் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மெதடிஸ்ட் போதகரை ஒரே இடத்தில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற விதி 1864 வரை இருந்ததால், அண்ணன் ஓர் ஊரிலும் தம்பி வேறோர் ஊரிலும் பிறந்திருப்பது சாதாரணம். ஆண்டு மாநாட்டுக் குறிப்பேடுகளில் உள்ள நியமனப் பட்டியலைப் பிள்ளைகளின் பிறந்த ஊர்களோடு ஒப்பிட்டால், குடும்பம் மூட்டை கட்டிய ஒவ்வொரு தடவையும் தெரிந்துவிடும். காங்கிரகேஷனல், அதாவது ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நிர்வகித்துக்கொள்ளும் பிரிவைச் சேர்ந்த போதகரோ பெரும்பாலும் ஒரே சபையில் பல ஆண்டுகள் தங்கியவர். அவருக்குச் சபைப் பதிவேடே முதல் ஆதாரம்.

அடுத்து, சம்பளத்துக்கு வெளியே வந்தவற்றைத் தேடுங்கள். அக்காலத்தில் பெயர்பெற்ற போதகரான லைமன் பீச்சர், கனெக்டிகட் மாநிலத்தின் லிச்ஃபீல்டில் ஊழியம் செய்தபோது, குளிர்காலத்தில் ஒரு நாள் சபையார் பனிச்சறுக்கு வண்டிகளில் விறகு கொண்டுவந்து குவிப்பார்கள். அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பலகாரங்களுக்காக வீட்டுப் பெண்கள் பல நாள் அடுப்படியிலேயே நிற்க வேண்டியிருந்தது. இலவச விறகு என்று கணக்கில் எழுதும்போது இந்த உழைப்பையும் சேர்த்து எழுதுவதே நியாயம்.

மனைவியைப் பற்றிய செய்திகளைக் கடிதங்களிலும் பிள்ளைகளின் நினைவுகளிலும் தேடுங்கள். என் கணிப்பில் இதுவே இந்த வேலையின் மையம். லிச்ஃபீல்டுக்கு முன், 1799 முதல் 1810 வரை, பீச்சர் நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டின் ஈஸ்ட் ஹாம்ப்டனில் இருந்தார். அங்கே சம்பளம் போதாமல் அவர் மனைவி ரொக்சானா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். கணவர் ஏலத்தில் வாங்கி வந்த பஞ்சுப் பொதியை நூற்று, நெய்யக் கொடுத்து, அந்தத் துணியில் எண்ணெய் வண்ணத்தால் ரோஜாக் கொத்துகள் தீட்டித் தரைவிரிப்பாக்கினார். பார்க்க வந்த சபை உதவிக்காரர் (டீக்கன்) ஒருவர், அதை மிதிக்கத் துணியாமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டாராம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கடைசியில் பாருங்கள். வீட்டிலுள்ள, அடிமைகளல்லாத எல்லாருடைய பெயரையும் பதியும் வழக்கம் 1850இல்தான் வந்தது. குடும்பத் தலைவருக்கு அவர்கள் என்ன உறவு என்பது 1880இல் சேர்ந்தது. 1890ஆம் ஆண்டுப் பதிவுகளில் பெரும்பகுதி 1921இல் நடந்த தீ விபத்தோடு போயிற்று. 1850க்கு முந்தைய ஏடுகளில் குடும்பத் தலைவருக்கு மட்டுமே பெயர் உண்டு. ஆகவே பள்ளி நடத்திய, விரிப்புத் தீட்டிய ரொக்சானா போன்றவர்கள் அங்கே வயதுக் கட்டத்தில் இடப்பட்ட ஓர் எண் மட்டுமே.