துளசியைப் பூக்க விடுங்கள், தேனீ தானாக வரும்

மாடித் தோட்டத்தில் பூசணியும் வெள்ளரியும் நன்றாகப் பூக்கின்றன, பிஞ்சுதான் வெம்பி உதிர்கிறது என்றால், உரத்தைக் கூட்டுவதற்கு முன்னால் காலையில் அந்தப் பூக்களுக்கு மகரந்தம் சேர்க்கத் தேனீ வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையா, பக்கத்தில் நாலு தொட்டி துளசி வையுங்கள். நம் வெயிலுக்கு அசராமல் நின்று, கதிரை வெட்ட வெட்ட மறுபடியும் பூக்கிற செடி அது.

வளர்ப்பது சுலபம். காய்ந்த கதிரை உள்ளங்கையில் கசக்கி ஊதினால் விதை தனியாக நிற்கும். செம்மண், மணல், மண்புழு உரம் கலந்த மண்ணில் மேலாகத் தூவுங்கள், ஆழப் புதைத்தால் முளைக்காது. தண்ணீரை ஊற்றாமல் தெளித்து வந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைத்துவிடும், ஆறு இலை வந்ததும் 10 அல்லது 12 அங்குலத் தொட்டிக்கு மாற்றுங்கள். தினமும் 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியின் அடித்துளை அடைத்திருந்தால் வேர் அழுகிவிடும், அதை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம். கதிர் தலைகாட்டியதுமே கிள்ளிவிட வேண்டும் என்பார்கள். இலைக்காக வளர்ப்பவர்களுக்கு அது சரி, பூக்க விட்டால் தளிர் குறையும். ஆனால் தேனீக்கு வேண்டியது அந்தக் கதிர்தான். அதனால் இரண்டு தொட்டியைக் கிள்ளுங்கள், இரண்டைப் பூக்க விடுங்கள். துளசிக் கதிர் கீழிருந்து மேலே பூத்துக்கொண்டு போகும், அடியில் விதை முற்றும்போதும் நுனியில் பூ இருக்கும், எனவே முக்கால்வாசி பழுப்பானதும் வெட்டினால் போதும். எல்லாக் கதிரையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள், தேனீக்கு அன்றைக்கு ஒன்றுமே இருக்காது. கொசுத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ எல்லாம் வரும், பயப்படாமல் பக்கத்தில் நின்று பார்க்கலாம், பூவில் மேய்கிற தேனீ அதைப் பிடித்தாலோ நசுக்கினாலோ ஒழியக் கொட்டாது.

மாவுப்பூச்சி தெரிந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். போகவில்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு சாயங்காலத்தில், பூவில் படாமல் அடியுங்கள். ரசாயனப் பூச்சிக்கொல்லி மட்டும் வேண்டவே வேண்டாம். பூக்க விடுகிற செடி இரண்டு மூன்று ஆண்டில் கட்டை தட்டிப்போகும், அதற்குள் அதன் விதையிலிருந்தே அடுத்த நாற்றைத் தயார் செய்துகொள்ளுங்கள்.