முதல் பேஸ் கேபினெட் 8 ஓமாக இருக்கட்டும்

பேஸ் கிட்டாருக்கான டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு முதல் ஸ்பீக்கர் கேபினெட் வாங்குகிறீர்களா? 4 ஓமை விட்டுவிட்டு 8 ஓம் எடுங்கள். ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு; அது குறையக் குறைய ஆம்ப்பின் சுமை கூடும். பெரிய மேடை வரும்போது இன்னொரு 8 ஓம் கேபினெட்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆம்ப்பின் பின்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர் சாக்கெட்டுகளும் பெரும்பாலும் பேரலலாகவே (பக்க இணைப்பில்) இணைந்திருக்கும். அதனால் இரண்டு 8 ஓம் சேர்ந்தால் 4 ஓம். பல ஆம்ப்புகள் தாங்கும் குறைந்தபட்ச அளவே அதுதான். இரண்டு 4 ஓம் சேர்ந்தாலோ 2 ஓம். பாதிக் கச்சேரியில் ஆம்ப் சூடாகி நின்றுபோகலாம், எரிந்தும் போகலாம். ஒற்றை 8 ஓமில் வாட்ஸ் குறையுமே என்றால், பாதியாகக் குறைந்தாலும் வித்தியாசம் 3 டெசிபெல்தான். காதுக்குப் பெரிதாகத் தெரியாது.

அப்புறம், கிட்டார் கேபிளால் கேபினெட்டை இணைக்காதீர்கள். ஜாக் ஒன்றுபோல இருக்கும், உள்ளே கம்பி மெலிசு. ஸ்பீக்கர் கேபிளே வேண்டும்.

எப்போதும் ஒரே கேபினெட்தான் என்றால் 4 ஓமே நல்லது, ஆம்ப்பின் முழு பவரும் கிடைக்கும். வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்புக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதில் ஓம் செலக்டரைக் கேபினெட்டின் மொத்த ஓமுக்குச் சரியாகப் பொருத்தியாக வேண்டும்.