மலையக வீட்டுக்கு எல்இடி: எந்த பல்பை முதலில் மாற்றுவது?

நுவரெலியா, அட்டன், அப்புத்தளைப் பக்கம் பின்னேரமே பனிமூட்டம் இறங்கிவிடும். லயத்துக் காம்பராவில் இருப்பது பெரும்பாலும் ஒரு சின்ன ஜன்னல், அதனால் மழை நாளில் பகலிலும் லைட் போட வேண்டியிருக்கிறது. விடியக்காலையில் ரொட்டி சுடும்போதே குசினி பல்ப் எரியத் தொடங்கிவிடும். நம்ம ஊரில் பல்ப் எரியும் நேரம் கூட, எனவே அதை மாற்றினால் கிடைக்கும் லாபமும் கூட. அதற்காக எல்லா பல்பையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை.

1. முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்

வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஒவ்வொரு பல்பும் எத்தனை வாட், ஒரு நாளில் சுமாராக எத்தனை மணி நேரம் எரிகிறது என்று குறியுங்கள். இரண்டையும் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் ஒரு நாளைய யூனிட் வரும்.

60 வாட் குண்டு பல்ப் தினமும் 5 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் 9 யூனிட் ஆகும். ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்இடிக்கு 1.35 யூனிட் போதும். ஒரு பல்பில் மட்டும் 7.65 யூனிட் மிச்சம்.

இது ஏன் முக்கியம் என்றால், நம் நாட்டு வீட்டுக் கட்டணத்தில் 60 யூனிட் ஒரு பெரிய எல்லை. மாதம் 60 யூனிட்டுக்குள் பாவிக்கும் வீட்டுக்கு ஒரு விலை வரிசை. அதைத் தாண்டினால் வேறு வரிசை, முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறிவிடும். 75 யூனிட் பாவிக்கும் வீட்டில் மேலே சொன்ன மாதிரி இரண்டு குண்டு பல்பை மாற்றினால் 15.3 குறைந்து 59.7 க்கு வந்துவிடும். விலைகள் அடிக்கடி திருத்தப்படுவதால் ரூபாய்க் கணக்கை உங்கள் கடைசி பில்லை வைத்துப் போடுங்கள்.

2. கூட நேரம் எரிவதை முதலில் மாற்றுங்கள்

குசினி, பிள்ளைகள் படிக்கும் இடம், இரவு முழுக்க எரியும் இஸ்தோப்பு லைட், இவைதான் முதலில். கக்கூசில் கொஞ்ச நேரம் எரியும் பல்பு கடைசிக்கு இருக்கட்டும். நல்லா எரிகிற சிஎஃப்எல்லை, அதாவது குழாயை வளைத்தோ சுருட்டியோ செய்த பல்பை, தூக்கி எறியாமல் அங்கே மாட்டலாம். ஆனால் குளிரில் சிஎஃப்எல் மங்கலாகத் தொடங்கி மெதுவாகத்தான் முழு வெளிச்சத்துக்கு வரும். எல்இடி சுவிட்ச் போட்டதும் எரியும். சூடுதான் எல்இடிக்கு எதிரி, நம் குளிர் அதற்கு நல்லது.

3. கடையில் எதைப் பார்ப்பது

வாட்டைப் பார்க்காமல் பெட்டியில் லூமன், அதாவது வெளிச்சத்தின் அளவு, எத்தனை என்று பாருங்கள். பழைய 40 வாட் குண்டு பல்புக்குப் பதிலாக சுமார் 450 லூமன், 60 வாட்டுக்கு சுமார் 800, 100 வாட்டுக்கு சுமார் 1500 வேண்டும்.

நிறமும் எழுதியிருக்கும். 2700 முதல் 3000 கெல்வின் வரை மஞ்சள் வெளிச்சம், 6500 நீலம் கலந்த வெள்ளை. படிக்கும் மேசைக்கு வெள்ளை சரி. படுக்கும் அறைக்கு நான் எப்போதும் மஞ்சளைத்தான் சொல்வேன்.

ஹோல்டர் பின் வகையா, திருகு வகையா என்று வீட்டிலேயே பார்த்துக்கொண்டு போங்கள். பொழுதுபட்டதும் வோல்டேஜ் இறங்கும் தோட்டமாக இருந்தால், பெட்டியில் குறைந்த வோல்டேஜிலிருந்தே வேலை செய்யும் என்று போட்டிருக்கும் பல்பாக எடுங்கள். கடையிலேயே எரிய விட்டுக் காட்டச் சொல்லுங்கள். உத்தரவாதம் இல்லாத மலிவு பல்ப் வேண்டாம். பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

4. மாட்டும்போது

மெயின் சுவிட்சையே நிறுத்துங்கள், லைட் சுவிட்ச் மட்டும் போதாது. பழைய பல்ப் ஆறட்டும். கை காய்ந்திருக்கட்டும், ஏறி நிற்பது ஆடாத மர ஸ்டூலாக இருக்கட்டும்.

ஹோல்டர் கருகியோ ஆட்டம் கண்டோ இருந்தால் புது பல்பை மாட்டாதீர்கள். பழைய லயங்களில் வயரிங் பழையது, கூரையும் ஒன்றோடொன்று ஒட்டியது. ஒரு காம்பராவில் பிடிக்கும் தீ முழு லயத்துக்கும் போய்விடும். ஆகவே முதலில் வயரிங் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு ஹோல்டரை மாற்றுங்கள். சுவிட்சை நிறுத்திய பிறகும் எல்இடி மங்கலாக மினுங்கினால் அதையும் அவரிடம் காட்டுங்கள். சுவிட்ச் கரண்ட் வரும் லைன் வயரில் இல்லாமல், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் இருந்தாலும் அப்படி மினுங்கும், அது ஆபத்து. டியூப் லைட்டை எல்இடிக்கு மாற்றும்போது சில வகைகளுக்கு சோக்கைக் கழற்றி வயரை மாற்ற வேண்டும், அதுவும் அவர் வேலைதான்.

வெளியில் மழை படும் இடத்துக்கு ஐபி 65 என்று போட்ட லைட் வாங்குங்கள். விறகடுப்புக் குசினியில் பல்பில் புகைக்கரி படிந்து வெளிச்சத்தைத் தின்றுவிடும். அவ்வப்போது மெயினை நிறுத்தி, ஆறிய பல்பைக் காய்ந்த துணியால் துடையுங்கள். இடி மின்னல் நேரத்திலும் மெயினை நிறுத்தி வைப்பது நல்லது, எல்இடிக்குள் இருக்கும் சர்க்கிட் அதற்குத் தாங்காது.

5. பழைய சிஎஃப்எல்

அதற்குள் கொஞ்சம் பாதரசம் உண்டு. மரக்கறிப் பாத்தியிலோ அடுப்பிலோ போடாதீர்கள். உடைந்துவிட்டால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னல் கதவைத் திறந்து, பத்துப் பதினைந்து நிமிஷம் விடுங்கள். அப்புறம் கையுறையோடு தடித்த அட்டையால் அள்ளுங்கள், விளக்குமாறு வேண்டாம். மூடியுள்ள போத்தலில் போட்டு, மின்கழிவு சேகரிக்கும் இடம் எது என்று பிரதேச சபையில் கேளுங்கள்.

6. மீட்டரைப் பாருங்கள்

மாட்டிய நாளில் மீட்டர் இலக்கத்தை எழுதி, 30 நாள் கழித்து மறுபடி எழுதுங்கள். பில்லுக்குப் பில் நாட்கள் கூடிக் குறையும் என்பதால் பழைய பில்லின் யூனிட்டை நாட்களால் வகுத்து ஒப்பிடுங்கள். இறங்கவில்லை என்றால் அடுத்து சுடுதண்ணீரைப் பாருங்கள். 1000 வாட் கரண்ட் கேத்தல் தினமும் மொத்தம் அரை மணி நேரம் ஓடினாலே மாதம் 15 யூனிட். தண்ணீரை ஒரே தடவையில் சுட வைத்து பிளாஸ்கில் ஊற்றி வைத்தால் அதிலும் ஒரு பங்கு குறையும்.